பாட்டிலுக்குள் ஒரு வரலாறு

நம்மவர்கள் வீட்டில் யாருக்காவது நுரையீரல் ஆபரேஷன் என்றால், கட்டிலுக்குக் கீழே குமிழி விடும் பாட்டிலைப் பார்த்தே பாதி பயம் வந்துவிடும். நான் பி.காம். படித்த பேங்க்காரன். இருந்தாலும் அதன் கதையைத் தேடிப் படித்தேன்.

1891-ல் ஹாம்பர்க் மருத்துவர் பியூலாவ் இதைப் பற்றி எழுதினார். மார்பிலிருந்து வரும் குழாயின் முனை தண்ணீரில் மூழ்கியிருக்கும். உள்ளே தேங்கிய காற்று குமிழியாக வெளியேறும். வெளிக்காற்று உள்ளே போகாது.

நம் பக்கம், 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ரீவ் பெட்ஸ் நாட்டின் முதல் நெஞ்சறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அன்று நுரையீரலில் கத்தி வைக்க முக்கியக் காரணம் காசநோய். 1959-ல் இங்கே பெங்களூரில் தேசிய காசநோய் நிறுவனம் வந்தது. மருந்துகள் பரவப் பரவ, அந்த நோய்க்குக் கத்தியின் தேவை குறைந்தது.

தண்ணீரின் வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. தையல் முடிந்ததும் மார்புக்குள் உப்புநீர் ஊற்றி, நுரையீரலை ஊதிப் பார்ப்பார்கள். பஞ்சர் கடை மாதிரியேதான்! குமிழி வந்தால் மறுபடி தையல், தேவைப்பட்டால் ஃபைப்ரின் பசை. நாங்கள் கேஷ் எண்ணாமல் பெட்டகத்தைப் பூட்டுவோமா? அதுபோலத்தான்.

மிஞ்சும் சிறு கசிவு பெரும்பாலும் சில நாளில் தானே மூடிக்கொள்ளும். குமிழி திடீரென்று அதிகமானால் நர்ஸிடம் சொல்லுங்கள். பாட்டிலை மார்பு மட்டத்துக்கு மேலே மட்டும் தூக்கிவிடாதீர்கள். தண்ணீர் உள்ளே போய்விடும்.