கடல் விட்டுவைத்த மயிலை

பின்பனி நீங்கி இளவேனில் அரும்பும் பங்குனியில் வெள்ளானூரிலிருந்து மயிலாப்பூர்க் கடற்கரைக்குச் செல்வோர் அங்கு நேமிநாதர் கோயிலைக் காண இயலாது. முன்னாளில் 22ஆம் தீர்த்தங்கரர் எழுந்தருளியிருந்த பதி அது. கி.பி. 12, 13ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி வாழ்ந்த குணவீர பண்டிதர், எழுத்தும் சொல்லும் வெண்பாவில் உரைத்த தம் இலக்கண நூலுக்கு ‘நேமிநாதம்’ எனப் பெயரிட்டது அப்பெருமானை நினைந்தே. அவிரோதியாழ்வாரின் ‘திருநூற்றந்தாதி’யும் அவர் மீது பாடப்பெற்றதே. கடல் ஊரினுள் புகுந்தபோது திருவுருவம் மேற்சித்தாமூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்பது சமணர் மரபுச் செய்தி. கோயில் அழிந்த பின்னும் அவ்விரு நூல்களும் நிலைத்தன. ஆகவே, மயிலைக்குச் செல்லும் பெற்றோர் பிள்ளைகளுக்கு அலைகளைக் காட்டுவதோடு அமையாது, அந்நூல்களின் வரலாற்றையும் எடுத்துரைத்தல் வேண்டும். உரையாது விடின், கடல் விட்டுவைத்ததை மறதி கொண்டுவிடும்.