புரோமினுக்கு ஒரு கடிகாரம்

ரெயிலின் வேகத்தை அறியத் தண்டவாளத்தின் ஓரத்து மைல்கற்கள் போதும். கண்ணாடிக் குடுவைக்குள் இரு பொருள்கள் கூடி மூன்றாவதாக மாறும் வேகத்தை எதைக்கொண்டு அளப்பது? அமிலக் கரைசலில் சர்க்கரை சிதையச் சிதைய, அதனூடே செல்லும் ஒளியின் தளம் திரும்புவதைக் கவனித்து, 1850-இல் ஜெர்மானியரான வில்ஹெல்மி ஒரு வழி கண்டார்.

நம் தாம்பரத்தில் இக்கேள்வியில் உழைத்தவர் பேராசிரியர் எஸ். வி. அனந்தகிருஷ்ணன். லண்டனில் இங்கோல்டுடன் ஆராய்ந்து 1935-இல் கட்டுரை வெளியிட்டவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. எத்திலீன் இனப் பொருள்களோடு புரோமின் முதலிய ஹாலஜன்கள் எவ்வளவு விரைவில் சேர்கின்றன என்பதே அவருடைய ஆராய்ச்சி. அவரும் ஆர். வெங்கட்ராமனும் இதுபற்றி எழுதிய கட்டுரையை 1943-இல் அமெரிக்காவின் 'கெமிக்கல் ரெவ்யூஸ்' வெளியிட்டது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இவ்வகை ஆராய்ச்சிக்கு வேண்டிய சாமான்கள் மிக எளியவை. கலவையை உஷ்ணம் மாறாத நீர்த்தொட்டியில் வைத்து, குறித்த நிமிஷத்தில் பிப்பெட்டால் சிறிது எடுத்துப் பொட்டாசியம் அயோடைடில் விடவேண்டும். மிஞ்சிய புரோமின், அயோடினை வெளியேற்றிவிட்டுத் தான் அடங்கிவிடும். மாற்றமும் அக்கணமே நின்றுவிடும். அந்த அயோடினைத் தயோசல்பேட்டால் அளந்தால், மிஞ்சியிருந்த புரோமினின் அளவு தெரியும்.

மாணவப் பருவத்தில் நானும் இப்படி அளந்ததுண்டு. புத்தகம் 25 டிகிரி என்றது. சித்திரை வெயிலில் அறையோ 36 டிகிரி. சூடேற்றத் தெரிந்த தொட்டிக்குக் குளிர்விக்கத் தெரியாது. பிடிவாதமாக ஐஸ் கட்டிகளைப் போட்டேன். உஷ்ணம் ஏறி இறங்கியது. பத்து டிகிரிக்கு வேகம் இருமடங்கோ மும்மடங்கோ ஆகிவிடுமாதலால், அன்றைய எண்கள் எல்லாம் குப்பைக்குப் போயின. மறுநாள் 40 டிகிரியில் வைத்தேன். புள்ளிகள் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன.

கண் இமைக்குமுன் முடியும் மாற்றங்களுக்குப் பிப்பெட்டு உதவாது. 1923-இல் ஹார்ட்ரிட்ஜும் ரஃப்டனும் இரு திரவங்களைக் குழாயில் வேகமாக ஓடவிட்டுக் கலந்தார்கள்; கலந்த இடத்திலிருந்து உள்ள தூரமே காலத்தைக் காட்டியது. ரெயிலின் மைல்கற்களே குழாய்க்குள் வந்துவிட்டன! பின்னர், 1949-இல் நாரிஷும் போர்ட்டரும் ஒளி வெட்டால் மாற்றத்தைத் தூண்டி அளந்தார்கள். ஐகனோடு இவ்விருவரும் 1967-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பிற்காலத்தில், தாம்பரத்துக்கு வடக்கே தரமணியில், சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில், அதிவேக நிகழ்ச்சிகளை ஆராயும் தேசிய மையம் எழுந்தது. அங்கே லேசர் ஒளியால் அளக்கும் அளவு ஃபெம்டோ விநாடி; விநாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு. கல்லூரிச் சோதனைச் சாலைகளிலோ, ஒருவன் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்ல, மற்றொருவன் ஸ்டார்ச்சின் நீலம் மறையும் அந்தக் கடைசித் துளிக்காக இன்றும் காத்திருக்கிறான்.