தவணை தாண்டிய வேலைகள்

கப்பலில் எந்த இயந்திரத்தை எப்போது பிரிப்பது என்பது ஒரு காலத்தில் செகண்ட் இன்ஜினியரின் பாய்லர் சூட் பைக்குள் இருந்தது. எண்ணெய்க் கறை படிந்த சின்ன நோட்டு. மூன்றாம் யூனிட் பிஸ்டனை எந்தத் துறைமுகத்தில் தூக்கினார்கள், லைனர் எவ்வளவு தேய்ந்திருந்தது, எந்த ரிங் உடைந்து வந்தது, எல்லாம் அதில் இருக்கும். காண்ட்ராக்ட் முடிந்து மனிதர் இறங்கினால் நோட்டும் கூடவே இறங்கிவிடும். புதிதாக வருகிறவருக்குக் கிடைப்பது இரண்டு பக்க ஹேண்டிங் ஓவர் நோட். முந்தையவர் தாராள மனசுக்காரராக இருந்தால் நாலு பக்கம்.

நான் கடலுக்குப் போனது எண்பதுகளின் இறுதியில். இந்தியர்கள் ஓட்டும் கப்பல்களில் தேர்ட் இன்ஜினியர் 'தீன் சாப்', ஃபோர்த் 'சார் சாப்', ஜூனியர் 'பாஞ்ச் சாப்'. ஜெனரேட்டர்கள் தீன் சாபுக்கு, பியூரிஃபையரும் ஏர் கம்ப்ரசரும் சார் சாபுக்கு. பாஞ்ச் சாபான எனக்கு அட்டைப்பெட்டி. ஒவ்வொரு பம்புக்கும் மோட்டாருக்கும் ஓர் அட்டை. எந்த மாதம் வேலை வருகிறது என்று காட்ட விளிம்பில் கலர் கிளிப். அட்டை முறை அப்போதே பழசு. அமெரிக்கக் கடற்படை 1960-களிலேயே தன் கப்பல்கள் முழுவதற்கும் அதை வகுத்துவிட்டது. வணிகக் கப்பலுக்கு வேறொரு கணக்கும் உண்டு: கப்பலின் தகுதிக்குச் சான்று தரும் கிளாஸ் நிறுவனத்தின் சர்வேயர். மெஷினரி முழுவதையும் ஐந்தாண்டுக்குள், ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்காக, அவருக்குத் திறந்து காட்டிவிட வேண்டும். அட்டையை மறந்தாலும் சர்வேயரை யாரும் மறப்பதில்லை.

இதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனதற்குச் சட்டம்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. சட்டம் வந்த வழி விசித்திரமானது. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஜீபுரூக் துறைமுகத்துக்கு வெளியே 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற ஃபெர்ரி கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. முன்பக்கக் கதவை மூடாமலே கிளம்பிவிட்டார்கள். மூட வேண்டியவர் தூங்கிப்போனார். கதவு மூடியிருக்கிறதா என்று பிரிட்ஜில் இருப்பவருக்குத் தெரிய வழியில்லை. விசாரணை கரையில் இருந்த நிர்வாகத்தையும் விடவில்லை. அந்தச் சூட்டில் உருவாகி 1993-இல் ஏற்கப்பட்டதுதான் ஐ.எஸ்.எம். கோட் எனும் சர்வதேசப் பாதுகாப்பு நிர்வாக விதித்தொகுப்பு. பயணிகள் கப்பல், டேங்கர், பல்க் கேரியர்களுக்கு 1998 ஜூலை 1 முதல், மற்றச் சரக்குக் கப்பல்களுக்கு 2002 ஜூலை 1 முதல் கட்டாயம். அதன் பத்தாவது பிரிவு பராமரிப்பைப் பற்றியது: திட்டமிட்ட கால இடைவெளியில் பார், குறையை எழுது, சரிசெய், எல்லாவற்றுக்கும் பதிவு வை. கதவால் வந்த சட்டம் இன்ஜின் ரூமுக்குள் இப்படி நுழைந்தது.

பதிவு வை என்றதும் கம்ப்யூட்டர் விற்பவர்களுக்கு நல்ல காலம். தொண்ணூறுகளில் 'ஆமோஸ்' என்ற மென்பொருள் பல கப்பல்களில் ஏறியது. சீஃப் இன்ஜினியர் ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். மாதக் கடைசியில் இயந்திரங்களின் ஓட்ட மணிகளைக் கவுண்டரில் பார்த்து ஏற்றினால் அடுத்த மாத வேலைப் பட்டியல் வந்து விழும். அதை ஃபிளாப்பியில் பதிந்து, துறைமுக ஏஜென்ட் கையில் கொடுத்து, கூரியரில் ஆபீஸுக்கு அனுப்புவோம். சாட்டிலைட்டில் அனுப்ப முடியும், ஆனால் செலவைப் பார்த்துக் கேப்டன் முகம் மாறும்.

பட்டியலை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் கப்பலைப் பார்க்காதவர்கள். தயாரிப்பாளரின் மேனுவலை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான வேலைகளைத் தட்டச்சு செய்தார்கள். பிழை வராமல் இருக்குமா? கப்பலில் இல்லாத பம்புக்குப் பேரிங் மாற்றச் சொல்லும். இருக்கிற பம்பைச் சொல்லாது. நன்றாக ஓடும் இயந்திரத்தில் ஸ்பானர் வைக்காதே என்று வளர்ந்த சீஃப்கள், மணி ஆகிவிட்டது என்பதற்காக நல்ல பம்பைப் பிரிக்கச் சொல்கிறதே என்று பொருமினார்கள். பொருமலில் நியாயம் இருந்தது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஜெனரேட்டர் நின்றபோது, ஆறு வருடத்துக்கு முன் முகம் தெரியாத ஒருவர் அதில் என்ன மாற்றினார் என்று திரையில் பார்க்க முடிந்தது. நோட்டு அதைச் செய்ததே இல்லை.

இன்டர்நெட் மலிவானதும் பட்டியல் ஆபீஸின் கண்ணுக்கு நேராக வந்தது. எனக்குத் தெரிந்தவரை இந்த வரலாற்றில் பெரிய மாற்றம் இதுதான். தவணை தாண்டிய வேலை சிவப்பாகத் தெரியும். எத்தனை சிவப்பு என்று சூப்பரின்டென்டென்ட் கேட்பார். டேங்கர் என்றால் எண்ணெய்க் கம்பெனியின் இன்ஸ்பெக்டரும் கேட்பார். பிறகென்ன, மாதக் கடைசி ராத்திரி சிவப்பெல்லாம் மாயமாய் மறையும். மத்தியானம் முழுக்கப் பைலட்டோடு ஆற்றில் வந்த கப்பலில், அதே மத்தியானம் மூன்று பம்பு ஓவர்ஹால் ஆனதாகப் பதிவாகி இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சிவப்பை மறைக்காமல் விட்டால் மட்டும் என்ன நடந்துவிடுகிறது? மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு துளையிட்ட 'டீப்வாட்டர் ஹொரைசன்' மார்ஷல் தீவுகளின் கொடி பறந்த மிதவைக் கலம். பராமரிப்பு மென்பொருள் அதிலும் இருந்தது. 2009 செப்டம்பரில் எண்ணெய்க் கம்பெனி பி.பி. நடத்திய தணிக்கையில் 390 வேலைகள் தவணை தாண்டிக் கிடந்தன. முடிக்க 3,500 மணி நேரத்துக்கு மேல் ஆள் உழைப்பு தேவை என்று கணக்கும் போட்டார்கள். 2010 ஏப்ரல் 20 அன்று கலம் வெடித்து 11 பேர் இறந்தார்கள். வெடிப்பு கிணற்றிலிருந்து வந்தது; 390-இன் தலையில் பழி போட முடியாது. ஆனால் பட்டியல் எல்லார் கண்ணுக்கும் தெரிந்திருந்தும் கலம் துளையிட்டுக்கொண்டேதான் இருந்தது. வேலைக்கு ஆளும் ஓய்ந்த நேரமும் ஒதுக்குவது எந்த மென்பொருளின் கையிலும் இல்லை.

கப்பல் கைமாறும்போது நடப்பது இன்னொரு கூத்து. வாங்குகிறவருக்கு இன்ஜின், ஸ்பேர், டிராயிங், மேனுவல் எல்லாம் போகும். பராமரிப்புப் பதிவு பழைய கம்பெனியின் சர்வரில் தங்கிவிடுவதும் உண்டு. நான் கடைசியாகப் பொறுப்பேற்ற கப்பலுக்குப் பதினான்கு வயது. புதிய மென்பொருளில் அதன் ஜெனரேட்டருக்கு வயது மூன்று மாதம். பழைய சீஃபுக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் கிராங்க் பேரிங்குகளின் கணக்கை எழுதிக்கொண்டேன்.