உளவியல் ஆலோசனையில் பண்பாட்டு விவாதம்: புதூர் கோயில் முதல் திருப்பூர் வரை

உளவியல் ஆலோசனை என்பது மனத்துயரில் இருப்பவர் பயிற்சி பெற்ற ஒருவரிடம் பேசித் தெளிவு பெறும் முறையாகும். கவுன்சலிங் எனப் பரவலாக அறியப்படும் இதற்குத் தமிழில் ஒரே சொல் நிலைபெறவில்லை. தமிழ்நாட்டில் ஆலோசனை, ஆற்றுப்படுத்துதல் என்றும், இலங்கையில் உளவளத்துணை, சீர்மியம் என்றும் வழங்குகின்றனர். சொல்லிலேயே ஒரு கருத்து வேறுபாடு ஒளிந்திருக்கிறது. ஆலோசனை என்றால் அறிந்தவர் சொல்ல மற்றவர் கேட்பது. துணை என்றால் உடன் இருப்பது. இந்தத் துறையின் நூல்களும் பயிற்சி முறைகளும் பெரும்பாலும் அமெரிக்காவில் உருவானவை. அவை பிற பண்பாட்டினருக்குப் பொருந்துமா என்ற விவாதம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது.

பள்ளிக்கூடம் வழியாக வந்த துறை

இந்தியாவில் ஆலோசனை முதலில் பரவலாகப் பேசப்பட்ட இடம் பள்ளிக்கூடம். ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு (1952–53) மாணவருக்கு வழிகாட்டலும் ஆலோசனையும் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1954-இல் மத்திய அரசு கல்வி, தொழில் வழிகாட்டலுக்கென ஒரு நடுவண் நிலையத்தை அமைத்தது. பாடம் வந்தது, பாடத்தில் வந்த மனிதர்கள் எல்லாரும் வெளிநாட்டார். நான் பி.எட். படித்தபோது கார்ல் ரோஜர்ஸின் பெயரை மனப்பாடம் செய்தோம். ‘ஆலோசகர் வழி சொல்லக் கூடாது, வந்தவரே தன் வழியைக் கண்டறிய வேண்டும்’ என்பது அவர் 1951-இல் வெளியிட்ட நூலின் மையக் கருத்து. அதே ஆண்டில் வகுப்பறைக்குப் போனால், ‘நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க சார்’ என்றுதான் பெற்றோர் கேட்டார்கள்.

இந்த முரண்பாட்டை இந்திய மனநல மருத்துவர் ஜே. எஸ். நேகி 1973-இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். இந்தியச் சூழலில் சிகிச்சை உறவுக்கு குரு–சீடர் உறவு ஒரு மாதிரியாகலாம் என்பது அவர் முன்வைத்த கருத்து. மேற்கில் சார்ந்திருத்தல் ஒரு குறையாகக் கருதப்படுகிறது. இங்கே அது உறவின் இயல்பு என்றார். கருத்து கவர்ச்சியானதுதான். ஆனால் குரு–சீடர் மரபில் யார் குருவாகலாம், யார் சீடராகக்கூட ஏற்கப்பட மாட்டார் என்பதைச் சாதி முடிவு செய்த வரலாறும் நம்முடையதுதான். இந்த மாதிரியைப் போற்றுகிறவர்கள் அதைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

அமெரிக்காவில் எழுந்த கேள்வி

1962-இல் கில்பர்ட் ரென் என்ற அமெரிக்கக் கல்வியாளர், தம் பண்பாட்டுக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கும் ஆலோசகர்களைப் பற்றி எழுதினார். தமக்குப் பழக்கமானதையே மனித இயல்பு என நம்பி, எதிரில் இருப்பவரை அந்த அளவுகோலால் அளப்பவர்கள் அவர்கள். 1982-இல் டெரால்ட் விங் சூ தலைமையிலான குழு, பண்பாடு கடந்த ஆலோசனைக்குத் தேவையான திறன்களை வரையறுத்தது. தன் சொந்தச் சாய்வுகளை அறிதல், வந்தவரின் உலகப் பார்வையை அறிதல், அதற்கேற்ற உத்திகளைக் கற்றல் என்பவை அதன் அடிப்படை. 1992-இல் சூவும் அவருடைய கூட்டாளிகளும் இதை 31 திறன்களாக விரித்தனர். அமெரிக்க உளவியல் சங்கம் 2002-இல் ஏற்ற வழிகாட்டு நெறிகள் 2003-இல் வெளியாயின.

எதிர்ப்பும் வந்தது. ரோஜர்ஸின் வழிவந்த சி. எச். பேட்டர்சன் 2004-இல், தனித் திறன் பட்டியல் தேவையா என்று நேரடியாகவே கேட்டார். மதிப்பு, உண்மைத்தன்மை, பிறர் துயரை உணர்தல் ஆகியவை எல்லா மனிதருக்கும் பொது. ஒவ்வோர் இனத்துக்கும் தனி உத்தி என்றால் அதுவே முத்திரை குத்துவதாகும் என்பது அவர் வாதம். இதை எளிதில் ஒதுக்க முடியாது. ‘பிகார்காரர் இப்படித்தான்’, ‘கிராமத்துப் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள்’ என்று படித்துவிட்டு வருகிற ஆலோசகர், ஒன்றும் படிக்காதவரைவிட மோசமாக நடக்கக்கூடும்.

நோய்ப் பெயர்களைக் குறித்து ஆர்தர் கிளைன்மேன் 1977-இல் எழுப்பிய எச்சரிக்கையும் இதோடு சேர்ந்தது. ஒரு பண்பாட்டில் உருவான நோய் வகையை இன்னொரு பண்பாட்டில் தேடினால், அதற்கு ஒத்துவருபவர்கள் கிடைக்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த மக்களுக்கு அது பொருளுள்ள வகை என்று அதனால் நிறுவப்படாது.

பெங்களூருவும் புதூரும்

தென்னிந்தியாவில் இக்கேள்விக்குத் தரவு தந்தவர்களுள் முக்கியமானவர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ரகுராம். 1996-இல் அவரும் மிச்சல் வைஸ் முதலியோரும் பெங்களூருவில் 80 நோயாளிகளிடம் செய்த ஆய்வு வெளியானது. மனச்சோர்வு அறிகுறிகள் மிகுந்தவர்களிடம் சமூக இழிவு பற்றிய அச்சமும் மிகுதியாக இருந்தது. உடல் வலியாகத் துயரை வெளிப்படுத்தியவர்களிடம் அந்த அச்சம் குறைவு. தலைவலியை யாரிடமும் சொல்லலாம். மனம் உடைந்ததைச் சொன்னால் கல்யாணப் பேச்சு வரை பாதிக்கும். ஆகவே ‘நெஞ்சு படபடன்னு வருது’ என்பது அறியாமையின் மொழி அன்று. தன்னைக் காத்துக்கொள்ளும் மொழி.

2002 ஜூலையில் ரகுராமும் கூட்டாளிகளும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் பரபரப்பானது. திண்டுக்கல் மாவட்டம் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலுக்கு மனநோயாளிகளைக் குடும்பத்தார் அழைத்து வந்து தங்குவர். அவ்வாறு தங்கிய 31 பேரை ஆய்வாளர்கள் வந்தபோதும் புறப்படும்போதும் மதிப்பிட்டனர். பெரும்பாலோருக்குக் கடுமையான மனச்சிதைவு இருந்தது. மருந்து தரப்படவில்லை, பேயோட்டுவது போன்ற சடங்கும் இல்லை. கோயிலின் அன்றாடச் சிறு பணிகளில் அவர்கள் கலந்துகொண்டனர். சராசரியாக ஆறு வாரம் தங்கியதில், நோய்க்குறி அளவுகோலின் சராசரி 52.9-இலிருந்து 42.9 ஆகக் குறைந்தது. பல மருந்துகள் தரும் முன்னேற்றத்துக்கு இது ஈடு என்றும், ஆதரவான, அச்சுறுத்தாத சூழலே காரணமாகலாம் என்றும் எழுதினர்.

ஒப்பீட்டுக் குழு இல்லாத, 31 பேரை மட்டும் கொண்ட ஆய்வு இது. ‘கோயில் குணமாக்கும்’ என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. உடனிருக்கும் குடும்பம், செய்ய ஒரு வேலை, ஏசாத மனிதர்கள் என்ற மூன்றின் விளைவு என்று படிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இதற்கு ஓராண்டுக்கு முன் நடந்ததை மறைத்துவிட்டுப் புதூரைப் புகழ முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி இயங்கிய ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் அனுமதிப்பதில்லை. பண்பாட்டை மதிப்பது என்றால் அதில் உள்ள அனைத்தையும் ஏற்பது ஆகாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை. பிற்காலத்தில் ஏர்வாடி தர்காவில் தொழுகையோடு மருந்தும் கிடைக்கும் வகையில் அரசின் மனநலச் சேவை கொண்டுவரப்பட்டது.

திருப்பூரின் கேள்வி

2009-இல் தனி மாவட்டமான திருப்பூர், இந்த விவாதத்தை வேறு திசைக்குத் திருப்புகிறது. அமெரிக்கப் பாடநூல்களில் பண்பாட்டு வேறுபாடு என்றால் முதன்மையாக இனம், நிறம். இங்கே மொழி, சாதி, ஊர்விட்டு வந்த தனிமை. தையல் மிஷினில் தேனிப் பெண், செக்கிங்கில் உள்ளூர்ப் பெண், அயர்னிங்கில் ஒடிசா இளைஞர் என ஒரே பனியன் கம்பெனிக்குள் மூன்று உலகங்கள் இருக்கும். பிகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், அசாம் மாநிலத்தவரும் ஏராளம். ஒருவர் ‘மனசே சரியில்லை’ என்பார். இன்னொருவர் இந்தியில் ‘கப்ராஹட்’ என்பார். பதற்றம், மூச்சுமுட்டல், பயம் எல்லாம் கலந்த அச்சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் கிடையாது.

2010 வாக்கில் திருப்பூரின் தற்கொலைகள் நாளேடுகளில் திரும்பத் திரும்பப் பேசப்பட்டன. அடுத்த ஆண்டு ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. வேலை இழந்தவர் பலர். அதே 2011-இல், நெதர்லாந்து அமைப்புகள் இரண்டின் அறிக்கை தமிழ்நாட்டு நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தை உலகறியச் செய்தது. திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, விடுதியில் அடைத்து இளம்பெண்களை வேலை வாங்கிய திட்டம் அது. இவர்களிடம் ‘உங்கள் எண்ணப் போக்கை மாற்றிக்கொள்ளுங்கள்’ என்பதுதான் ஆலோசனையா? ஒன்றரை ஷிப்ட் வேலை, சனிக்கிழமைச் சம்பளத்தில் பிடித்தம், கந்துக்கடன் இவற்றை மன அழுத்தம் என்ற ஒரே சொல்லால் மூடிவிடலாம். அப்போது தனி மனிதரைச் சூழலுக்குப் பழக்குவதே ஆலோசகரின் வேலையாகிவிடும் என்பது துறைக்குள்ளேயே எழுந்த விமர்சனம். யாழ்ப்பாண மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2007-இல் போர்க்காலத் துயரைக் கூட்டுத் துயர் என்றே ஆராய்ந்தார். தனி ஆளுக்குத் தரும் சிகிச்சை மட்டும் போதாது, குடும்பமும் சமூகமும் மீள வேண்டும் என்றார். போரும் பனியன் கம்பெனியும் ஒன்றல்ல. ஆனால் துயரை எந்த அளவில் வைத்துப் பார்ப்பது என்ற கேள்வி இரண்டுக்கும் பொது.

2023 மார்ச்சில் பொய்க் காணொளிகள் பரவி, தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர் தாக்கப்படுவதாக வதந்தி கிளம்பியது. திருப்பூரிலிருந்தும் பலர் அச்சத்தில் ஊருக்குப் புறப்பட்டனர். பிகார் அரசின் குழு நேரில் வந்தது. காவல்துறை இந்தி தெரிந்தவர்களைக் கொண்டு உதவி எண் நடத்தியது. அந்த வாரம் தேவைப்பட்டது, பயந்தவரின் மொழியில் பேசக்கூடிய, அவர் நம்பக்கூடிய ஆள். 

பயிற்சியைப் பொறுத்தவரை, மருத்துவ உளவியலாளரை 1992-ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் நெறிப்படுத்துகிறது. ஆலோசகர்களோ நெடுங்காலம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம்தான் அவர்களை நடத்தைசார் நலத் துறையினர் என்ற பிரிவில் சேர்த்தது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். பல இந்திய மொழிகளில் பேசலாம். திருப்பூரில் இருக்கும் பிகார் இளைஞர் இந்தியைத் தேர்ந்தெடுத்தால் மறுமுனையில் அவர் மொழி தெரிந்தவர் கிடைப்பார். ஒன்றரை ஷிப்ட் என்றால் என்ன என்பதை மட்டும் அவருக்கு இவர்தான் விளக்க வேண்டியிருக்கும்.