மருந்து மானியம் (புதுச்சேரி)

மருந்து மானியம் என்பது மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளின் செலவை அரசு முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்று, நோயாளியின் சுமையைக் குறைக்கும் ஏற்பாடு. புதுச்சேரியில் இது மூன்று வகைப்படும்.

இலவச வழங்கல்: இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆகியவற்றில் மருந்துச்சீட்டைக் காட்டி மருந்தகப் பிரிவில் மாத்திரைகளைக் கட்டணமின்றிப் பெறலாம்.

காப்பீடு: தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவு பெற்ற தொழிலாளரும் குடும்பத்தினரும் மருந்து பெறுகின்றனர். ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளிச் சிகிச்சையையும், வீடு திரும்பியபின் 15 நாள் வரையிலான மருந்துகளையும் ஏற்கிறது.

மலிவு விற்பனை: மத்திய அரசுத் திட்டத்தில் இயங்கும் மக்கள் மருந்தகங்களில் வணிகப் பெயரற்ற மருந்துகள், வணிகப் பெயருள்ளவற்றைவிட 50 முதல் 90 விழுக்காடு வரை குறைந்த விலையில் கிடைக்கும். அட்டையில் நிறுவனப் பெயருக்குப் பதில் 'மெட்ஃபார்மின்' போன்ற மூலப்பெயரே முதன்மையாக இருக்கும். மொத்தக் கொள்முதலும் விளம்பரச் செலவின்மையும் விலைக்குறைவின் காரணங்கள். கடை நடத்துவோருக்கு அரசு ஊக்கத்தொகை வழங்குகிறது.

வரலாறு: நாட்டின் முதல் மக்கள் மருந்தகம் 2008 நவம்பரில் அமிர்தசரசில் திறக்கப்பட்டது.

முக்கியத்துவம்: நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நெடுநாள் நோய்களில் மருந்து இடைவிடாமல் தொடர இம்மானியம் இன்றியமையாதது.