கெட்ட வார்த்தை: செங்கல்பட்டு – மாமல்லபுரம் கரை வழக்கு

கெட்ட வார்த்தை என்பது நாலு பேர் நடுவில் சொல்லக் கூசும் சொல். ஆளைத் தாழ்த்த எறியும் சொல்லுக்கும், கோபத்திலோ வியப்பிலோ தானாக வாயில் வந்து விழும் சொல்லுக்கும் அதே பெயர்தான். வசை, ஏச்சு என்றும் சொல்வதுண்டு. காவல் நிலையப் புகாரில் அது ‘ஆபாசமாகத் திட்டி’ என்று பதிவாகும். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரையிலான கரையிலும், உள்ளே திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வட்டாரத்திலும் வழங்கும் வசை பெரும்பாலும் சென்னைத் தமிழோடு ஒன்று. கஸ்மாலம் வடமொழி வழியாகவும், பேமானி உருது வழியாகவும் வந்தவை. கைம்பெண்ணைக் குறித்த சொல் சிதைந்து கம்மனாட்டி ஆயிற்று.

அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்ல வேண்டும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் விதி. நன்னூல் இதை இடக்கரடக்கல் என்று தகுதி வழக்கில் சேர்க்கிறது. ‘கால் கழுவி வந்தான்’ பள்ளிப் பாடத்தில் வரும் எடுத்துக்காட்டு. பலர் கவனிக்காதது தொல்காப்பியம் உடனே தரும் விலக்கு: வழக்கில் ஊறிவிட்ட சொல்லை மறைக்க வேண்டியதில்லை. ஆட்டுப் புழுக்கை என்று யாரும் கூசாமல் சொல்வது அதனால்தான்.

அன்றாட வசையில் பெரும்பகுதி அந்த விலக்கில் அடங்கும். பெற்றோரைச் சுட்டும் வசை தேய்ந்து ‘ங்கொய்யால’ ஆகி, வாக்கியத்தைத் தொடங்கும் வெறும் ஒலியாக நிற்கிறது. சேக்காளிகளுக்குள் அது நெருக்கம். அதே ஒலி மாமனார் காதில் விழுந்தால் சண்டை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் குறுக்கே பாய்கிறவரை ஓட்டுநர் கேட்கும் ‘வூட்ல சொல்ட்டு வந்தியா?’ என்பதில் ஒரு கெட்ட சொல்லும் இல்லை, ஆனால் அது முழு வசை. மீனவர் வாய் கெட்ட வாய் என்பது வெளியார் கட்டிய பேச்சு. பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் ஆங்கிலத்தில் திட்டுகிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

வசைக்கு ஊரே இடம் ஒதுக்கும் நாளும் உண்டு. வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் முடியும்போது படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனனைப் பெண்கள் துடைப்பத்தால் அடித்துத் திட்டுவார்கள். இரவுக் கூத்தில் கோமாளியான கட்டியக்காரன் ராஜாவையே நக்கலடிப்பான், இரட்டை அர்த்தத்தில் பேசுவான். முன்வரிசைப் பாட்டிகள்தான் அதிகம் சிரிப்பார்கள்.

பொறம்போக்கு என்ற வசை நேராக வருவாய்த்துறைப் பதிவேட்டிலிருந்து வந்தது. தீர்வை விதிக்காமல் பொதுப் பயனுக்கு ஒதுக்கிய நிலம் புறம்போக்கு. வரி தராத நிலம் அரசின் கண்ணில் வீண் என்றானதும் வேலை வெட்டி இல்லாதவனுக்கும் அதுவே பெயராயிற்று. கரையில் வலை உலர்வதும் படகு ஏற்றுவதும் பெரும்பாலும் புறம்போக்கில்தான் என்பதால், இந்த வசை இங்கே கொஞ்சம் அபத்தம். 2017இல் டி. எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ எண்ணூர்க் கழிமுகத்துக்காக இச்சொல்லை மீட்க முயன்றது.

மீட்க முடியாத சொற்களும் உண்டு. கேப்மாரி என்பதை ஏமாற்றுக்காரன் என்ற பொருளில் சினிமாவும் அரசியல் மேடையும் சரளமாகச் சொல்கின்றன. அது ஒரு சமூகத்தின் பெயர். பிரிட்டிஷ் காவல்துறை அவர்களைத் திருட்டே தொழிலானவர்கள் என்று எழுதிவைத்தது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது; மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் நீங்கியது. தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியல் கேப்மாரிகளுக்கு உரிய பகுதிகளில் ஒன்றாகப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சொல்கிறது. சட்டம் போயிற்று, வசை நிலைத்துவிட்டது. சோழர் கல்வெட்டுகளில் கோயில் கொடையாளராகவும் வரும் தேவரடியார் பெயருக்கும் இதே கதி. 2023 அக்டோபரில் ‘லியோ’ படத்தின் முன்னோட்டத்தில் அந்த வசை ஒலித்து, எதிர்ப்புக்குப் பின் ஒலி நீக்கப்பட்டது.

பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவது முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி). 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதாவின் 296ஆம் பிரிவு. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெருச்சண்டை வழக்குகளில் இப்பிரிவு தாராளமாகச் சேர்க்கப்படுகிறது. ஆனால் வெறும் ஏச்சு மட்டுமே ஆபாசம் ஆகாது என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது இதைவிடக் கடுமையான குற்றம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி (1989) ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. திட்டியது பொதுமக்கள் பார்வைக்கு எட்டும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். கேப்மாரிகள் இருப்பது சீர்மரபினர் பட்டியலில் என்பதால் அவர்கள் பெயரைச் சொல்லித் திட்டுவதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது.