பேட்டரி எல்லைகள்: கம்பியில்லா மின்கருவிகளின் பொருத்தம் குறித்த ஒரு சரித்திர ஆராய்ச்சி

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்து ஃபைன் ஸ்தாபனத்தார் 1895ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் கைத்துளைக் கருவியைச் செய்து வெளியிட்ட நாள்தொட்டு, ஏறக்குறைய அறுபது எழுபது ஆண்டுக் காலம், எந்தக் கம்பெனியின் டிரில்லுக்கு எந்தக் கம்பெனியின் மின்சாரம் பொருந்தும் என்னும் கேள்வி எவர் மனத்திலும் எழுந்ததில்லை. மின்சாரம் சுவர் வழியே ஊருக்குப் பொதுவாக வந்தது. கருவி கடை வழியே அவரவர் பொருளாக வந்தது. இரண்டும் கூடுகிற இடமாகிய ப்ளக்கின் வடிவத்தையோ, கருவி செய்பவர் அல்லர், அந்தந்தத் தேசத்தின் மின்விதிகளே நிர்ணயித்தன. சுவரைவிட்டு இறங்கிய மின்சாரம் கருவியின் கைப்பிடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் குடிபுகுந்த பிறகுதான், ஒரு கம்பெனியின் பெட்டி மற்றொரு கம்பெனியின் கருவியில் ஏறாது என்னும் விசித்திரமான நிலைமை உண்டாயிற்று. இந்தப் பிரிவினை யந்திர நியதியால் விளைந்ததா, வியாபார யுக்தியால் விளைந்ததா என்பதே இக்கட்டுரையின் விசாரணை. தொடக்கத்தில் முழுக்க முழுக்க வியாபார யுக்தியாகவே இருந்த ஒன்று, லித்தியம் வந்த பிற்பாடு யந்திர நியாயத்தையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, இன்று இரண்டையும் பிரித்துக் காண்பதே கடினம் என்னும்படி ஆகிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் அழுத்தும் விசையும் கொண்ட டிரில்லுக்கு 1917இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கக் கம்பெனியாகிய பிளாக் அண்ட் டெக்கரே, 1961இல் நிக்கல்-காட்மியம் செல்களால் இயங்கும் கம்பியில்லா டிரில்லையும் முதன்முதல் சந்தைக்குக் கொண்டுவந்தது. விண்வெளி ஆராய்ச்சியின் உபயத்தால்தான் இக்கருவி பிறந்தது என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது பொருந்தவில்லை. நாசாவின் ஜெமினி திட்டத்துக்கான திருகு கருவியும், 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் சந்திரனின் தரையைத் துளைத்த கருவியும் அதற்குப் பின்னரே, மார்ட்டின் மரியெட்டா கம்பெனியின் வழியாகப் பிளாக் அண்ட் டெக்கரிடம் வந்து சேர்ந்த வேலைகள். ஜப்பானில், 1915இல் நகோயா நகரத்தில் தோன்றிய மகிடா கம்பெனி 1969இல் ரீசார்ஜ் செய்யத்தக்க டிரில்லையும், 1978இல் 7.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் டிரில்லையும் செய்தது. பேட்டரியைக் கழற்றி, வேறொன்றை மாட்டி, வேலையைத் தடையின்றித் தொடரலாம் என்னும் வசதி பரவிய எண்பதுகளில்தான் பொருத்தம் என்னும் பிரச்சினைக்கு வித்து ஊன்றப்பட்டது. கருவியினுள்ளேயே அடைபட்ட பேட்டரிக்குப் பொருத்தம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லையன்றோ?

அக்காலத்துப் பேட்டரி ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் எளிமை வியப்பளிக்கும். ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் தரும் உருளைச் செல்கள், பெரும்பாலும் சப்-சி என்னும் ஒரே அளவில், மெல்லிய நிக்கல் பட்டைகளால் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். ஆறு செல் சேர்ந்தால் 7.2, எட்டு சேர்ந்தால் 9.6, பத்துக்கு 12, பன்னிரண்டுக்கு 14.4, பதினைந்துக்கு 18 வோல்ட். சூடு மிகுந்தால் அறிவிக்க ஒரு சிறு உணரி இருக்கலாம். அதற்குமேல் அறிவு என்று சொல்லத்தக்கது எதுவும் அதற்குள் கிடையாது. மின்சாரத்தின் கண்ணோட்டத்தில் ஒரு கம்பெனியின் 12 வோல்ட் பேட்டரிக்கும் மற்றொரு கம்பெனியின் 12 வோல்ட் பேட்டரிக்கும் சொல்லிக்கொள்ளத்தக்க பேதம் இல்லை. செல்களைச் செய்தவர்களும் அநேகமாகக் கருவிக் கம்பெனிகள் அல்லர், தனிச் செல் தொழிற்சாலைக்காரர்களே. பேதம் முழுவதும் மேலோட்டில் இருந்தது: கழுத்தின் வடிவம், பக்கவாட்டுப் பள்ளம், கொக்கி விழும் இடம், தாமிரத் தகடுகளின் இடைவெளி. ஓர் அச்சுவார்ப்பில் இரண்டு மில்லிமீட்டரை மாற்றினாலே போதும், அண்டைவீட்டுப் பேட்டரி உள்ளே நுழையாது.

டார்ச் விளக்கின் சரித்திரம் இதற்கு நேர்மாறானது. சிறிய உலர் செல்லின் அளவு அமெரிக்கத் தரநிர்ணயத்தில் 1947இல் ஏறியது. பின்னர் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரங்களிலும் இத்தகைய அளவுகள் நிலைபெற்றன. இன்று எந்தக் கடையின் செல்லையும் எந்தக் கடிகாரத்திலும் போடுகிறோம். இந்த வேற்றுமைக்குக் காரணம் உலர் செல் வியாபாரிகளின் தயாள குணம் அன்று. விளக்கு செய்தவன் ஒருவன், செல் செய்தவன் வேறொருவன் என்னும் நிலையில், செல் செய்தவனுக்கு எல்லா விளக்கிலும் தன் சரக்கு நுழைய வேண்டும். விளக்கு செய்தவனுக்கு எந்த ஊரிலும் தன் விளக்குக்குச் செல் கிடைக்க வேண்டும். ஆகவே பொது அளவு இருவருக்கும் லாபம். கம்பியில்லாக் கருவியிலோ, கருவியை விற்பவனே பேட்டரியையும் பெட்டியில் அடைத்துத் தன் பெயரிட்டு விற்றான். பொது அளவு வந்தால் அவனுக்கு நஷ்டம்.

அந்த லாப நஷ்டக் கணக்கையும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். முதன்முதல் ஒரு டிரில் வாங்குகிற தச்சர், இரண்டு பேட்டரியும் ஒரு சார்ஜரும் சேர்ந்த பெட்டியாக வாங்குகிறார். அதன் விலையில் கணிசமான பங்கு பேட்டரிக்கே போகிறது. அடுத்து ரம்பமோ கிரைண்டரோ வேண்டியபோது, அதே கம்பெனியில் பேட்டரி இல்லாத வெறும் கருவியாகக் குறைந்த விலைக்கு வாங்கலாம். வேறு கம்பெனிக்குப் போனால் பேட்டரி, சார்ஜர் எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். நான்கு கருவி சேர்ந்தபின் அவர் அந்தக் கம்பெனியின் குடிமகனாகவே ஆகிவிடுகிறார். ஊருக்கு ஊர் மரக்கால் அளவு மாறியிருந்த காலத்தில் நெல் விற்கப் போன குடியானவன் பட்ட அவஸ்தைக்கு இது ஒப்பானது; அங்கே அரசாங்கம் தலையிட்டு அளவை ஒன்றாக்கியது, இங்கே அப்படி எவரும் தலையிடவில்லை.

இதில் வேடிக்கை என்னவெனில், கம்பெனிகள் தங்கள் சொந்தக் குடிகளையே பலமுறை நட்டாற்றில் விட்டன. வோல்ட் எண்ணை உயர்த்துவதே முன்னேற்றத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்ட தொண்ணூறுகளில், 9.6இலிருந்து 12க்கும், 12இலிருந்து 14.4க்கும், பின்னர் 18க்கும் ஏறிய ஒவ்வொரு படியிலும் பழைய பேட்டரி புதிய கருவிக்கு உதவாமல் போயிற்று. இந்த வழக்கத்துக்கு மாறாக நடந்தது ரியோபி கம்பெனியின் 18 வோல்ட் வரிசை. 1996இல் தொடங்கிய அதன் பேட்டரி, மேலே துருத்திக்கொண்டு நிற்கும் தண்டு ஒன்றினால் கைப்பிடிக்குள் ஏறுவது. உள்ளே நிக்கல்-காட்மியம் போய் லித்தியம் வந்த பின்னரும், அழகற்ற அந்தத் தண்டை மட்டும் அவர்கள் கைவிடவில்லை. பத்தாண்டுக்கு முந்தைய கருவியில் புதுப் பேட்டரி ஏறும் என்பதையே விளம்பரமாக்கினர். வல்லுநர்கள் மலிவுச் சரக்கு என்று ஒதுக்கிய ஒரு வரிசை, வாங்கியவரிடம் காட்டிய விசுவாசத்தில் மற்றவர்களை விஞ்சி நின்றது என்பதை இந்தச் சரித்திரத்தில் குறித்தாக வேண்டும்.

லித்தியம்-அயான் செல்லை சோனி கம்பெனி 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அது காமிராவுக்கும் கணினிக்கும் உரிய நாசூக்கான பொருளாக இருந்தது. டிரில்லின் முரட்டுப் பசிக்கு ஈடுகொடுக்கும் செல் வர மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. 2005இல் மில்வாக்கி கம்பெனி 28 வோல்ட் வரிசையையும் மகிடா 18 வோல்ட் வரிசையையும் வெளியிட்டன; 2006இல் டிவால்ட் 36 வோல்ட் வரிசையோடு வந்தது. இம்மூன்றில் மகிடாவின் அமைப்பே இன்றுவரை முதன்மை வரிசையாக நீடிக்கிறது. மில்வாக்கி 2008இல் 18 வோல்ட்டுக்கும், டிவால்ட் 2011இல் 20 வோல்ட் என்று பெயரிட்ட வரிசைக்கும் இறங்கிவந்தன. லித்தியம் பேட்டரியே சொத்துரிமை வழக்குக்குப் பொருளாயிற்று என்பதும் கவனிக்கத்தக்கது: சராசரியாக 20 ஆம்பியர் அளவு மின்னோட்டம் தரவல்ல லித்தியம் பேட்டரி பற்றிய தன் காப்புரிமைகளை மீறியதாக மில்வாக்கி தொடுத்த வழக்கில், ஸ்னாப்-ஆன் கம்பெனி ஏறத்தாழ 2 கோடியே 78 லட்சம் டாலர் தர வேண்டும் என்று விஸ்கான்சின் நீதிமன்றத்தில் 2017இல் ஜூரிகள் தீர்ப்பளித்தனர்.

20 வோல்ட் என்னும் பெயர் குறித்து ஒரு வார்த்தை. சாதாரண லித்தியம் செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், ஐந்து சேர்ந்தால் 18. வேலை எதுவும் இல்லாதபோது, புதிதாகச் சார்ஜ் ஆன செல் ஏறக்குறைய 4 வோல்ட் காட்டும். ஐந்து சேர்ந்தால் 20. அமெரிக்காவில் 20 என்றும் ஐரோப்பாவில் 18 என்றும் டிவால்ட் விற்பது ஒரே ஐந்து செல்லைத்தான். கடையில் நின்று 18ஐவிட 20 பலமுள்ளது என்று நினைத்து வாங்குபவர், எண்ணின் பேரில் ஏமாறுகிறார்.

இதுவரை கம்பெனிகளின் மேல் குற்றம் சாட்டினோம். இனி அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். நிக்கல்-காட்மியம் செல் பொறுமைசாலி. லித்தியம் செல் அப்படிப்பட்டதன்று. 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, ஏறத்தாழ 2.5க்குக் கீழே இறக்கக் கூடாது, உறைநிலைக்குக் கீழான குளிரில் சார்ஜ் செய்யக் கூடாது, தொடராக நிற்கும் ஐந்தில் ஒன்று மட்டும் இளைத்துப்போனால் அதைத் தனியே அறிய வேண்டும். ஆகவே யாராவது ஒருவர் காவல் இருந்தாக வேண்டும். அந்தக் காவலாளி எங்கே அமர்வது என்பதில்தான் கம்பெனிகள் வேறுபட்டன. ரியோபி தன் பேட்டரிக்குள்ளேயே காவலை வைத்தது. டிவால்ட்டின் 20 வோல்ட் பேட்டரியோ, தன் செல்களின் நிலைமையை வெளியே அறிவிக்கும் முனைகளை மட்டும் கொண்டது: நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையில் ஒவ்வொரு செல்லின் சந்திப்பையும் தொடுகிற நான்கு முனைகள், சூட்டைச் சொல்ல ஒன்று, தன்னை இன்னதென்று அறிவிக்க ஒன்று. அழுத்தம் தாழ்ந்ததும் மின்சாரத்தை நிறுத்துவது கருவியின் வேலை.

இந்தப் பேட்டரியை இரண்டு தகடு மட்டும் உள்ள மலிவான அடாப்டர் ஒன்றின் வழியே வேறு கம்பெனியின் விளக்கில் மாட்டி இரவு முழுவதும் எரியவிட்டால் என்ன நேரும்? நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் செல்கள் 2.5ஐத் தாண்டிக் கீழே போகும்; மறுநாள் சார்ஜரில் வைத்தால் அது பேட்டரியை ஏற்க மறுக்கும்; எஞ்சுவது பயனற்ற எடை மட்டுமே. அடாப்டர்களைக் குறித்துக் கம்பெனிகள் விடுக்கும் எச்சரிக்கையில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

ஆயினும் அந்த நியாயம் முழுமையானதன்று என்பதற்கு அவர்களுடைய சொந்த நடத்தையே சாட்சி. ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் என்னும் ஒரே உடைமையாளரின் கீழ் விற்பனையான பிளாக் அண்ட் டெக்கர், போர்ட்டர் கேபிள் ஆகிய இரு பெயர்களின் 20 வோல்ட் பேட்டரிகளும் அடிப்படையில் ஒன்றே. ஒன்று மற்றொன்றில் ஏறாமல் தடுப்பது சிறு பிளாஸ்டிக் விளிம்பு ஒன்றுதான், அதைக் கத்தியால் சீவிவிட்டவர்கள் பலர். ஹாங்காங்கின் டெக்ட்ரானிக் குழுமம் மில்வாக்கி, ரியோபி, ஏ.இ.ஜி. என்னும் மூன்று வரிசைகளை 18 வோல்ட்டில் செய்கிறது. மூன்றுக்கும் மூன்று வாயில்கள். தங்கள் லாபத்துக்கு உகந்தபோதோ இதே கைகள் அபூர்வமான பொருத்தங்களைச் சாதித்திருக்கின்றன. ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கரின் டிவால்ட் 2016இல் வெளியிட்ட பேட்டரியில் பதினைந்து செல்கள் மூன்று ஐந்தாகப் பிரிந்து நிற்கும். 60 வோல்ட் கருவியில் ஏற்றினால் அவை தொடராகவும், 20 வோல்ட் கருவியில் ஏற்றினால் பக்கம் பக்கமாகவும் தாமே இணைந்துகொள்ளும். இந்தச் சாமர்த்தியம் கைவந்தவர்களுக்கு அடுத்த கம்பெனியின் பள்ளத்தோடு பொருந்துவது பெரிய காரியமா?

பொதுமை வேறு இரண்டு திசைகளிலிருந்து வந்தது. ஒன்று போலிகளின் திசை. பெயரற்ற சீனத் தொழிற்சாலைகள் தத்தம் கருவிக்குத் தனிப் பேட்டரி வகுப்பதைவிட, உலகெங்கும் பரவிக்கிடந்த மகிடா 18 வோல்ட் வாயிலை அப்படியே பின்பற்றுவது லாபம் என்று கண்டன. காற்றடிக்கும் பம்பு முதல் மரம் அறுக்கும் ரம்பம் வரை அந்த வாயிலோடு இன்று விற்கின்றன. எந்தத் தரநிர்ணயக் குழுவும் கூடாமலே இப்படி ஒரு நடைமுறைத் தரம் உருவாயிற்று. அதில் செல்லின் தரத்துக்கு மட்டும் எவரும் பொறுப்பில்லை.

மற்றொன்று சிறியோர் கூட்டணி. ஜெர்மனியின் நியூர்ட்டிங்கன் ஊரைச் சேர்ந்த மெட்டாபோ 2018இல் தன் 18 வோல்ட் பேட்டரியைப் பிற கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டு ஒரு கூட்டணியைத் தொடங்கியது. தச்சுவேலைக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற மாஃபெல், கலவை யந்திரம் செய்யும் கொல்லோமிக்ஸ், வெப்பக்காற்றுக் கருவி செய்யும் ஸ்டைனல் போன்றோர் அதில் சேர்ந்தனர். ஒரு துறையில் மட்டும் நிபுணத்துவமுள்ள இத்தகையோருக்குச் சொந்தமாகப் பேட்டரியும் சார்ஜரும் வகுக்கும் மூலதனம் இல்லை. மெட்டாபோவுக்கோ பெரிய கம்பெனிகளைப்போல நூற்றுக்கணக்கான கருவிகளைத் தானே செய்து குவிக்கும் பலம் இல்லை. ஆனால் 2016இல் மெட்டாபோவை வாங்கிய ஹிட்டாச்சி கோக்கி, பின்னர் கோக்கி ஹோல்டிங்ஸ் என்று பெயர் மாறிய அதன் ஜப்பானியத் தாய்வீடு, தன் கருவிகளுக்குத் தனி வாயிலையே வைத்துக்கொண்டது. பாஷ் கம்பெனி 2020இல் வீட்டு உபயோகக் கருவிகளுக்கென ஒரு கூட்டணியைக் கார்டெனா முதலியவர்களோடும், 2022இல் தொழில்முறைக் கருவிகளுக்கென மற்றொன்றை ஃபைன் முதலியவர்களோடும் அமைத்தது. பாஷின் பச்சைக் கருவிக்குரிய 18 வோல்ட் பேட்டரி, பாஷின் நீலக் கருவியில் ஏறாது. முதல் மின்துளைக் கருவியைச் செய்த ஃபைன் இப்போது மற்றொரு கம்பெனியின் பேட்டரியைத் தன் கருவிக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது வீழ்ச்சியன்று. அந்தப் பேட்டரியை ஏற்கெனவே வைத்திருப்பவர் ஃபைனின் கருவியைத் தயக்கமின்றி வாங்கலாம் என்னும் கணக்கு அதில் இருக்கிறது. மகிடா, மில்வாக்கி, டிவால்ட் ஆகிய மூவரும் இவற்றில் எதிலும் சேரவில்லை. நிறைந்த களஞ்சியம் உள்ளவன் கூட்டுறவுப் பண்டகசாலையில் பங்கு வாங்குவதில்லை.

சட்டத்தின் நிலைமையைப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியம் கைப்பேசி முதலிய சாதனங்களுக்கு ஒரே வகைச் சார்ஜர் முனையை 2024 டிசம்பர் 28 முதல் கட்டாயமாக்கியது. அந்தப் பட்டியலில் மின்கருவிகள் இல்லை. 2023இல் அது இயற்றிய பேட்டரி விதிமுறையின்படி, 2027 பிப்ரவரி 18 முதல், சாதனத்தின் கடைசிப் பிரதி சந்தைக்கு வந்ததிலிருந்து குறைந்தது ஐந்தாண்டுகள் அதன் பேட்டரி உதிரியாகக் கிடைக்க வேண்டும். பொருந்தக்கூடிய வேறு பேட்டரியை மாட்டுவதை மென்பொருளால் தடுக்கவும் கூடாது. பேட்டரி ஏறும் பள்ளத்தின் அளவைப் பற்றியோ, கொக்கியின் இடத்தைப் பற்றியோ அந்த விதிமுறை ஒன்றும் பேசவில்லை.